லேசர்ல கட்டிய எடுத்தாச்சுன்னு அதோட விட்டறாதீங்க

ஆசிரியர் ஐயா அவங்களுக்கு வணக்கமுங்க.

உங்க பேப்பர் மருத்துவப் பக்கத்துல, சிறுநீர்ப் பாதையோட மேல்பகுதியில வர்ற புத்துநோய்க்கு கிட்னிய எடுக்காம லேசர்லயே வைத்தியம் பண்றத பத்தி போட்டிருந்தீங்க. இந்த சீக்க பத்தி தமிழ்ல எழுதறவங்களே கம்மி, அதுக்கு மொதல்ல நன்றிங்க. ஆனா அத படிக்கறவங்க என்ன நெனப்பாங்கன்னா லேசர் வெச்சா கட்டி போயிரும், கிட்னி தப்பிச்சிரும், நாலு நாள்ல வேலைக்குப் போயிரலாம்னுதான் நெனப்பாங்க. எங்க மாமனாருக்கு இதே வைத்தியம் பண்ணி இன்னைக்கும் செக்கப்புல இருக்காருங்க, அதனாலதான் எழுதறேன். லேசர் வெக்கற அந்த ஒரு மணி நேரம் இந்த வைத்தியத்துல ஒரு பாகம்தான், மிச்சம் வருசக்கணக்கா ஓடுது, அத எழுதாம விட்டா ஜனங்களுக்கு பாதி விசயம்தான் போய்ச் சேருமுங்க.

கிட்னியில சிறுநீர் சேர்ற பை ஒண்ணு இருக்கு, அங்கிருந்து மூத்திரப்பைக்கு எறங்கற குழாய் ஒண்ணு இருக்கு, யூரிட்டர்னு சொல்றாங்க, 25 சென்டிமீட்டருக்கு மேல நீளம், ஆனா உள்விட்டம் 3, 4 மில்லிமீட்டர்தான். கிட்னிப் பையில ஆரம்பிச்சு குழாய், மூத்திரப்பை வரைக்கும் உள்பக்கம் ஒரே மாதிரி தோலுதான் இருக்குது, அந்தத் தோலுல வர்ற புத்துநோய்ல நூத்துல 90க்கு மேல மூத்திரப்பையில வருது, 5ல இருந்து 10 வரைக்கும்தான் மேல கிட்னிப் பையிலயும் குழாயிலயும் வருது. கிட்னிக் கேன்சர்னு பொதுவா சொல்றமே, சதையில வர்றது, அது வேற இது வேற. இந்த வித்தியாசத்த செய்தியில சொல்லிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க, ஏன்னா "கிட்னிக் கட்டிக்கு லேசர்"னு வாட்சப்புல சுருக்கி அனுப்பிச்சிட்டு இருக்காங்க, அத பாத்துட்டு சம்பந்தமே இல்லாத சீக்குக்காரங்க லேசர் எங்க பண்றாங்கன்னு தேடிட்டுத் திரியறாங்க.

எங்க மாமனாருக்கு வந்தது எப்படின்னா ஒரு நாள் யூரின் ரோஸ் கலர்ல போயிருக்குது, வலி இல்ல எரிச்சல் இல்ல, ரெண்டு நாள்ல தானா நின்னும் போச்சு. நம்ம பக்கம் இதுக்குப் பேரு சூடு. இளநி குடி, வெந்தயம் ஊறவெச்சுக் குடி, நல்லெண்ண தேச்சுத் தலைக்கு ஊத்துன்னு ஆளாளுக்கு சொல்லுவாங்க, அவரும் அதெல்லாம் பண்ணினாரு, நின்னு போனதும் இளநியாலதான் நின்னுதுன்னு ஆயிருச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தப்ப பக்கத்து டவுன்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு போனம், ஸ்கேன் எடுத்தாங்க, கல்லு இல்ல, இன்ஃபெக்சனா இருக்கும்னு மாத்திரை எழுதி அனுப்பிச்சிட்டாங்க. கல்லு இல்லன்னதும் எல்லாருக்கும் நிம்மதி. இங்கதானுங்க நெம்பப் பேரு மாட்டிக்கறாங்க. கோயமுத்தூர், ஈரோடு, சேலம்னு எங்க போனாலும் கிட்னி கல்லுக்கு லேசர்னு போர்டு இருக்குது, கல்லுன்னா நமக்கு நல்லாத் தெரியும், வலிச்சா ஓடிருவம். வலியே இல்லாம ரத்தம் வந்தா யாரும் ஓட மாட்டேங்கறாங்க.

மூணாவது தடவை வந்தப்பதான் எம்பட சம்சாரம் புடிவாதமா யூராலஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்னு நின்னுது. அங்க போயி எங்க மாமனார் டாக்டர்கிட்டயே கேக்கறாரு, "வலியே இல்லீங்களே டாக்டர், இதுக்கு எதுக்குங்க இத்தன டெஸ்டு"ன்னு. அவரு சொன்னாரு, "ஐயா, வலியோட ரத்தம் வந்தா கல்லுன்னு பாதி நம்பலாம், வலி இல்லாம வந்தா எனக்கு அதுதான் கவலை, உங்க வயசுக்கு முழுசா பாத்துத்தான் ஆகணும்." அந்த வார்த்தைய ஒவ்வொரு ஊரு பஸ் ஸ்டாண்டுலயும் எழுதி வெக்கலாமுங்க.

முழுசா பாக்கறதுன்னா மூத்திரப்பைக்குள்ள கேமரா விட்டுப் பாக்கறது, யூரின்ல கேன்சர் செல்லு இருக்குதான்னு பாக்கற சைட்டாலஜி, அப்பறம் கிட்னியில இருந்து மூத்திரப்பை வரைக்கும் படம் புடிக்கற சிடி யூரோகிராம். சிடிக்கு நரம்புல கலர் மருந்து ஏத்துவாங்க, கிட்னி பலவீனமா இருந்தா அத ஏத்தறதுக்கு யோசிப்பாங்க. எங்க மாமனாருக்கு இருவது வருசமா சக்கரை, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் 1.8, இருக்க வேண்டியதவிட ஜாஸ்தி, அதனால எம்ஆர்ஐ எடுத்து, கீழ இருந்து குழாய் வழியா மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்துத்தான் கண்டுபுடிச்சாங்க, இடது கிட்னிப் பையில 1.2 சென்டிமீட்டர்ல ஒரு கட்டி.

இந்த சீக்குக்கு காலங்காலமா இருக்கற வைத்தியம் அந்தப் பக்கத்துக் கிட்னி, முழுக் குழாய், அது மூத்திரப்பையில சேர்ற எடத்துல கொஞ்சம் சதை, எல்லாத்தையும் ஒண்ணா எடுத்தர்றதுங்க. சின்னக் கட்டிக்கு எதுக்கு முழுக் கிட்னின்னு தோணும். ஒரே தோலு நெடுக ஓடறதால ஒரு எடத்துல வந்தது இன்னொரு எடத்துலயும் வரும், குழாய மிச்சம் விட்டா அதுலயும் மொளைக்கும், அதனாலதான் அப்படி. ஆனா எங்க மாமனார் மாதிரி சக்கரையில ஏற்கனவே கிட்னி தேஞ்சு போனவங்களுக்கு ஒரு கிட்னிய எடுத்தா மிச்சக் கிட்னி தாங்குமா, இல்ல வாரம் மூணு நாள் டயாலிசிஸ்ல போயி உக்காரணுமாங்கற கேள்வி வந்துருதுங்க. இன்னொரு விசயம் எனக்கு அப்பறம்தான் புரிஞ்சுது. இந்த சீக்கு முத்திப் போனா குடுக்கற முக்கியமான கீமோ மருந்து சிஸ்பிளாட்டின், அத குடுக்கறதுக்கே கிட்னி ஓரளவு நல்லா வேலை செய்யணும். பிரிட்டன்ல நடந்த பவுட்ங்கற ஆய்வு 2020ல வந்துது, கிட்னிய எடுத்ததுக்கப்பறம் கீமோ குடுத்தா சீக்கு திரும்பி வர்றது குறையுதுன்னு காட்டுச்சு. ஆனா ஒரு கிட்னி போன பொறவு நெம்பப் பேருக்கு அந்த மருந்த முழு அளவுல குடுக்க முடியறதில்ல.

அதுக்காக எல்லாருக்கும் கிட்னிய காப்பாத்தி லேசர் வெக்க முடியாதுங்க, உங்க செய்தியில இது ஒரே வரியில போயிருச்சு, ஆனா இதுதான் பெருசா எழுத வேண்டியது. கட்டி ஒண்ணே ஒண்ணா இருக்கணும், 2 சென்டிமீட்டருக்கு உள்ள இருக்கணும், கிள்ளி எடுத்த பயாப்சியில லோ கிரேடுன்னு, அதாவது வீரியம் கம்மியான வகைன்னு வரணும், யூரின் சைட்டாலஜியில மோசமான செல்லு தெரியக்கூடாது, ஸ்கேன்ல குழாய்ச் சுவத்துக்குள்ள எறங்கின மாதிரி இருக்கக்கூடாது. இத்தனையும் பொருந்தினா அது ஆபத்து கம்மியான வகை, அவங்களுக்கு ரெண்டு கிட்னியும் நல்லா இருந்தாலுமே கிட்னிய காப்பாத்தற வைத்தியத்த மொதல்ல யோசிக்கணும்னு ஐரோப்பிய யூராலஜி சங்கத்து வழிகாட்டுதலே சொல்லுது. வீரியம் ஜாஸ்தியான ஹை கிரேடா இருந்தா கதையே வேற. ஒத்தக் கிட்னிக்காரங்களுக்கு, வேற வழியே இல்லாதவங்களுக்கு மட்டும் அப்பவும் யோசிப்பாங்க, மத்தவங்களுக்கு கிட்னிய எடுக்கறதுதான் உசுருக்குப் பாதுகாப்பு. எடுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டா 12 வாரத்துக்குள்ள ஆபரேசன முடிச்சரணும்னும் அதே வழிகாட்டுதல்ல இருக்குது. எங்க ஒறம்பரையில ஒருத்தருக்கு ஹை கிரேடுன்னு வந்துருச்சு, கிட்னிய எடுக்கச் சொன்ன டாக்டர காசுக்கு சொல்றாருன்னு நெனச்சுட்டு, வாட்சப்புல வந்த லேசர் வீடியோவ வெச்சுக்கிட்டு ஊரு ஊரா அலைஞ்சாரு, அலைஞ்ச நேரத்துல கட்டி சும்மா இருக்குமுங்களா, ஆபரேசன் பண்றப்ப பக்கத்துல நெறிகட்டி இருந்துது. கிட்னிய எடுக்கணும்னு சொல்ற டாக்டர் எல்லாம் மோசம் பண்றவரு இல்லீங்க, அத தயவு பண்ணி எழுதுங்க.

எங்க மாமனாருக்கு அதிர்ஷ்டம், எல்லாக் கணக்குலயும் பொருந்தி வந்துது. ஆபரேசன் முடிஞ்சதும் டாக்டர் எங்கள உள்ள கூப்புட்டு ரெக்கார்டு பண்ணினத கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினாரு. வகுத்துல ஒரு கீறல் கூட இல்ல, மூத்திரம் போற வழியாவே 3 மில்லிமீட்டர் கூட தடிமன் வராத, நுனியில கேமரா இருக்கற ஒரு டியூப விட்டு (இதத்தான் ஸ்கோப்புங்கறாங்க), மூத்திரப்பை தாண்டி, குழாய்க்குள்ள ஏறி கிட்னிப் பைக்கு போறாங்க, டியூபோட நுனி அவங்க திருப்பற பக்கம் வளையுது. உள்ள எல்லாம் வெளிறின ரோஸ் கலரு, தண்ணி ஓடிக்கிட்டே இருக்குது, ஒரு மூலையில அந்தக் கட்டி, கொளத்துப் பாசி மாதிரி இழை இழையா தண்ணியில ஆடிட்டு இருந்துது. மொதல்ல ஒரு குட்டிக் கொறடு வந்து ரெண்டு மூணு துணுக்கு கிள்ளுது, அது பயாப்சிக்கு. அப்பறம் லேசர் வொயரு எட்டிப் பாக்குது, கால் மில்லிமீட்டர் இருந்தா அதிகம், நுனியில ஒரு செகப்பு வெளிச்சம், அது தொட்ட எடம் வெள்ளையாகி சுருங்கி உதுருது, ரத்தம் கசிஞ்சா தண்ணி செகப்பாகி ஒண்ணுமே தெரியாமப் போயிருது, கொஞ்சம் நின்னு தெளிஞ்சதும் மறுபடி ஆரம்பிக்கறாங்க. ஹோல்மியம் லேசராமுங்க, கல்லு ஒடைக்கறதும் அதேதான், அரை மில்லிமீட்டர் ஆழம் கூட எறங்காது, அதனால மெல்லிசான குழாய்ச் சுவத்த ஓட்டை போடாம மேல இருக்கறத மட்டும் எரிக்க முடியுது. இப்ப தூலியம்னு இன்னொன்னும் பயன்படுத்தறாங்க, அதுல ரத்தம் இன்னும் கம்மியாம்.

முடிஞ்சதும் உள்ள ஒரு டிஜே ஸ்டென்ட், அதாவது கிட்னியில இருந்து மூத்திரம் அடைக்காம எறங்கறதுக்கு ஒரு மெல்லிசான குழாய், வெச்சு அனுப்பிச்சாங்க. இத பத்தியும் யாரும் எழுத மாட்டேங்கறாங்க. அது உள்ள இருக்கற வரைக்கும் அடிக்கடி மூத்திரம் வரும், போறப்ப இடுப்புல சுருக்குனு புடிக்கும், கொஞ்சம் ரத்தமும் வரும், மனுசன் ராத்திரி தூங்கலீங்க. அத குறிச்ச தேதியில எடுத்தே ஆகணும், மறந்து விட்டா அதுமேலயே உப்புப் படிஞ்சு கல்லாகி கிட்னியே கெட்டுப்போகும். ஆஸ்பத்திரியில தேதி எழுதின சின்னச் சீட்டு ஒண்ணு குடுத்தாங்க, எங்க அத்தை அத சக்கரை மாத்திரை டப்பா மூடிக்கு உள்ள ஒட்டி வெச்சிருச்சு, தெனமும் ரெண்டு வேளை தொறக்கற டப்பா, மறக்கவே வழியில்ல. கல்லு ஆபரேசன் பண்ணிட்டு ஸ்டென்ட் எடுக்காம வருசக்கணக்கா விட்டவங்களையும் அங்க பாத்தேன், அவங்களுக்கு அப்படி ஒரு சீட்டும் கெடைக்கல, எடுத்துச் சொல்ற ஆளும் கெடைக்கல.

இனிதான் நான் சொல்ல வந்த முக்கியமான பாகம். மொதத் தடவை எரிச்சதுல முழுசா போச்சுன்னு நம்பக்கூடாது, 6ல இருந்து 8 வாரத்துக்குள்ள மறுபடி அதே மாதிரி உள்ள போயி பாக்கணும். கிள்ளி எடுக்கற துணுக்கு நெம்பச் சின்னது, அதுல லோ கிரேடுன்னு வந்தாலும் உள்ள அதவிட மோசமா இருக்கலாம், அதுக்காகவும்தான் மறுபடி பாக்கறது. எங்களுக்கும் ரெண்டாவது தடவை பாத்தப்ப ஓரத்துல கொஞ்சம் மிச்சம் இருந்து அதையும் எரிச்சாங்க. அப்பறம் மூணு மாசம், ஆறு மாசம், பொறவு வருசா வருசம்னு ஸ்கேன், மூத்திரப்பை கேமரா, யூரின் டெஸ்ட், தேவைப்பட்டா மறுபடி ஸ்கோப்பு. கிட்னிய விட்டு வெச்சு வைத்தியம் பண்ணினவங்கள்ல பாதிப் பேருக்குக் கிட்ட அதே பக்கத்துல மறுபடி மொளைக்குது, கணிசமான பேருக்கு கீழ மூத்திரப்பையிலயும் வருது. வந்தா சின்னதா இருக்கறப்பவே மறுபடி எரிச்சரலாம், அதுக்குத்தான் இந்தச் செக்கப்பு. செக்கப்புக்கு வரலீன்னா கிட்னிய காப்பாத்தினதுக்கு அர்த்தமே இல்லீங்க, கிட்னிய எடுத்திருந்தா பொழச்சிருக்க வேண்டிய ஆளு, கிட்னிய வெச்சுக்கிட்டே உசுர விட்டறுவாரு.

நம்ம ஜனங்க இங்கதான் விட்டறாங்க. மொத ஆபரேசனுக்கு நகைய வெச்சாவது காசு பொரட்டிருவாங்க, ஒறம்பரையெல்லாம் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிட்டு வந்து பாப்பாங்க. ஆறு மாசம் கழிச்சு ஆளு நல்லா நடமாடிட்டு இருக்கறப்ப, "நல்லாத்தான இருக்கறேன், எதுக்கு மாப்ள மறுக்கா மறுக்கா மயக்க ஊசி"ன்னு கேப்பாங்க, மஞ்ச வெட்டற நேரம், ஆளு கெடைக்கல, அடுத்த மாசம் போலாம்னு தள்ளுவாங்க. எங்க வீட்டுலயும் இந்தப் பழமை ஒவ்வொரு தடவையும் நடக்குது, ஒவ்வொரு தடவையும் எம்பட சம்சாரம் சண்ட போட்டுத்தான் கெளப்புது. சண்ட போட ஆளில்லாத வீட்டுல என்ன பண்ணுவாங்க? அதனால அரசாங்கத்த கேக்கறது என்னன்னா, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் குடுக்கறீங்க, நெம்பப் பெரிய விசயம். அதுல இந்த மாதிரி சீக்குக்கு வருசா வருசம் பாக்கற ஸ்கோப்பையும் ஸ்கேனையும் சிகிச்சையோட ஒரு பாகமா தெளிவா எழுதி வெக்கணும், தேதி தவறினா வீட்டுக்கு போன் பண்ணி கூப்புட ஒரு ஆளு இருக்கணும். வளையற ஸ்கோப்பு சீக்கிரம் ரிப்பேருக்குப் போற பொருளு, வெலையும் ஜாஸ்தி, இருந்தாலும் கோயமுத்தூர், பெருந்துறை, திருப்பூர், சேலம் அரசு மெடிக்கல் காலேஜ் எல்லாத்துலயும் அது எப்பவும் வேலை செய்யற நெலமையில இருக்கணுமுங்க.

வெளிநாட்டுல வேற வழியும் வருது. மைட்டோமைசின்ங்கற மருந்த ஜெல்லா பண்ணி கிட்னிப் பைக்குள்ள நெரப்பறாங்க, ஜில்லுனு இருக்கறப்ப தண்ணியா ஓடும், ஒடம்புச் சூட்டுக்கு கெட்டியாகி உள்ளயே சில மணி நேரம் நிக்கும், 2020 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க, அந்த ஆய்வுல 71 பேர்ல 42 பேருக்கு கட்டி முழுசா மறைஞ்சிருந்துது. நரம்புல ஒரு மருந்து ஏத்தி, உள்ள லேசர் வெளிச்சம் காட்டி, கட்டிக்குப் போற ரத்தக்குழாய மட்டும் அடைக்கற மொறையும் ஆராய்ச்சியில இருக்குது. இதெல்லாம் இன்னைக்கு நம்மூர்ல போயிக் கேக்கற வைத்தியம் இல்லீங்க.

கடைசியா இது ஏன் வருதுங்கறது, அது நம்ம பக்கத்துக்கு நெம்ப முக்கியம். மொதக் காரணம் பீடி, சிகரெட்டு. ரெண்டாவது சாயம். 1895லயே ஜெர்மனியில லுட்விக் ரேன்ங்கற டாக்டர் சாயக் கம்பெனி ஆளுங்களுக்கு மூத்திரப்பைக் கட்டி வருதுன்னு எழுதிட்டாரு. புத்துநோய கொண்டு வர்ற பென்சிடின் மாதிரி பொருளு கலந்த சாயங்கள 1990கள்ல ஜெர்மனியும் நம்ம நாடும் தடை பண்ணிருச்சு, ஆனா அதுக்கு முன்னால சென்னிமலையிலயும் ஈரோட்டுலயும் திருப்பூர்லயும் சாயப்பட்டறையில கையுறை கூட இல்லாம நூல முக்கினவங்களுக்கு இப்பத்தான் அறுவதும் எழுவதும் வயசாகுது, இந்த சீக்கு வர்றதும் பெரும்பாலும் அந்த வயசுலதான். எங்க மாமனாரும் அப்படி முப்பது வருசம் நின்னவரு, பீடியும் குடிச்சவரு. சாயத் தண்ணியால நொய்யல் கெட்டத, ஒரத்துப்பாளையம் அணை கெட்டத, 2011ல ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொன்னத எல்லாம் பேப்பர்ல பக்கம் பக்கமா எழுதினீங்க, அது சரிதான், ஆனா அந்தப் பட்டறைக்குள்ள நின்னவங்க ஒடம்ப பத்தி யாரு எழுதினாங்க? பழைய சாயத் தொழிலாளிங்க யூனியன்ல பேரு இருக்கும், அவங்கள கூப்புட்டு வருசத்துக்கு ஒருக்கா யூரின் டெஸ்ட் எடுத்தா சில பேரயாவது முன்னாலயே கண்டுபுடிக்க வழி இருக்குமுங்க.

இன்னொன்னு நம்ம வேலியோரத்துலயே இருக்குது, ஆடுதின்னாப்பாளை. வகுத்துப் பூச்சிக்கு, பூச்சிக்கடிக்குன்னு அரைச்சுக் குடிக்கற செடி. அதுலயும் பெருமருந்துக் கொடியிலயும் அரிஸ்டோலோக்கிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு, அது கிட்னியக் கெடுத்து இதே குழாய்ப் புத்துநோய கொண்டு வரும்னு உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சிப் பிரிவே உறுதியா சொல்லிருக்குது. 1990கள் ஆரம்பத்துல பெல்ஜியத்துல ஒடம்பு எளைக்கறதுக்குன்னு அந்தக் குடும்பத்துச் செடி கலந்த மாத்திரைய சாப்புட்ட பொம்பளைங்க பல பேருக்கு கிட்னி போயி, அப்பறம் இந்தக் கேன்சரும் வந்துது. நாட்டு வைத்தியத்த நான் கொறை சொல்லல, எங்க வீட்டுலயும் கசாயம் வெக்கறம், இந்தச் செடிய மட்டும் வாய்வழியா குடுக்காதீங்கன்னு சித்த வைத்தியர் யாரையாச்சும் வெச்சே உங்க பேப்பர்ல எழுத வெக்கலாமுங்க. அதே மாதிரி குடும்பத்துல பெருங்குடல் கேன்சரு, கர்ப்பப்பை கேன்சரு சின்ன வயசுலயே பல பேருக்கு வந்திருந்தா, அதுவும் இதோட சம்பந்தப்பட்ட பரம்பரைக் கோளாறா இருக்கலாம், டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும்.

அடுத்த தடவை இத பத்தி போடறப்ப லேசர் மிசின் படத்த கொஞ்சம் சின்னதாக்கிட்டு, வலியில்லாம ரத்தம் வந்தா எங்க போகணும், என்னென்ன டெஸ்ட் எடுக்கணும், யாருக்கு லேசர் பத்தும் யாருக்கு பத்தாது, எத்தன மாசத்துக்கு ஒருக்கா திரும்ப வரணும்ங்கறத ஒரு பெட்டி கட்டிப் போடுங்க. வெட்டி எடுத்து மாத்திரை டப்பாவுல ஒட்டி வெக்கற அளவுல இருந்தா இன்னும் நல்லதுங்க.

இப்படிக்கு,
சென்னிமலையில இருந்து உங்க வாசகர் ஒருத்தர்